எரிமலை இல்லாத நாட்டில்

"சேர், அந்த நாட்டில விடியக் காலையில வெளிக்கிட்டா, ஒரே நாளையில எரிமலையையும் அருவியையும் மலைக்குள்ள இருக்கிற ஏரியையும் பாத்துப்போட்டு இரவைக்கு வீட்ட வரலாமாம். எங்கட நாட்டில ஏன் எரிமலை இல்ல?"

பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் தமிழ்ப் பாடவேளையில் எழுந்து நின்று இவ்வாறு கேட்டான். பிலிப்பைன்சு நாட்டின் லூசோன் தீவிலுள்ள தால் எரிமலையை அவன் கைத்தொலைபேசியிற் கண்டிருக்கிறான். ஏரியின் நடுவே ஒரு தீவு. அந்தத் தீவே எரிமலை. மணிலா நகரத்தார் காலையிற் புறப்பட்டு அதனைப் பார்த்து, அருவியொன்றில் நனைந்து, பொழுது சாய மீள்கின்றனர். வகுப்பு முழுவதும் அப்படத்தில் மயங்கிக் கிடந்தது.

தீயின் அழகு பிள்ளைகளை ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆனால் 1911இல் அதே எரிமலை வெடித்தபோது ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பதும், 2020 சனவரியில் மீண்டும் குமுறி ஏரிக்கரை ஊர்களைச் சாம்பலால் மூடிற்று என்பதும் அந்தப் படத்தில் வரவில்லை. காட்சியைக் காட்டுவோர் அக்காட்சியின் கரையில் வாழ்வோரைக் காட்டுவதில்லை. அன்று வகுப்பில் நாம் இதனைப் பெரியதோர் உண்மையென எடுத்துரைத்தோம். அவ்வுண்மை நம்மையும் சுடக்கூடியது என்பதை அப்போது அறிந்தோமில்லை.

வவுணதீவு மலை காணாத மண். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, கதிரவன் படும் திசையில் கிடப்பதால் எங்கள் பகுதிக்குப் படுவான்கரை என்று பெயர். நகரமும் கடலும் உள்ள மறுகரை எழுவான்கரை. இங்கே நிலம் உள்ளங்கைபோல் மட்டமானது. வயல், வாவி, கண்ணா மரம், மேய்ச்சல் தரை, அப்பால் வானம். மாரியில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் தெருவும் வயலும் ஒன்றாகும். பள்ளிக்கூடம் பாதி வெறுமையாகும். வேனிலிலோ குடமேந்திய பெண்கள் பவுசர் வண்டியின் வரவு பார்த்து நிற்கும் கிராமங்கள் இதே படுவான்கரையில் உண்டு. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவிலே சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழியே நகரத்துக்குப் போகிறது. நீரின் அருகே வாழ்வதும் நீரைப் பெற்று வாழ்வதும் வேறுவேறு என்பதை எங்கள் பிள்ளைகள் நூலிற் படித்து அறியவில்லை.

எரிமலை இல்லாவிடினும் மற்றவற்றைக் காட்டுவோம் எனத் துணிந்தோம். வாய்ப்பாக ஒரு வழி இருந்தது. பேராதனையிலே தொடங்கி நுவரெலியா, பதுளை வழியாக வரும் பெருந்தெரு முடிவது எங்கள் செங்கலடியிற்றான். ஊரில் அதற்குப் பதுளை வீதி என்று பெயர். அவ்வழியே சென்று துன்ஹிந்த அருவியைக் கண்டு, மகியங்கனைப் பக்கமாக இறங்கிச் சொரபொரக் குளத்தைப் பார்த்து, திரும்பும்போது மகா ஓயாவிலே வெந்நீர்க் கிணறுகளைக் காட்டலாம். நிலத்தடி நெருப்புக்கு அந்த வெந்நீரைவிட நெருங்கிய சான்று நம்மிடம் இல்லை என எண்ணினோம். அவ்வெண்ணமும் பிழை என்பதைப் பின்னர் அறிந்தோம்.

இவ்விடத்தில் நம் குற்றமொன்றைச் சொல்லவேண்டும். அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அவ்வகுப்பின் பின்வரிசையில் ஒரு மாணவி இருந்தாள். பேசுவது அருமை. "என் வீட்டு முதியவர்" என்ற தலைப்பிலே கட்டுரை எழுதப் பணித்தபோது அவள் தன் அம்மாயியைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மம்மா என்று சொல்லும் ஊரில் அம்மாயி என்ற சொல்லைக் கண்டதும் அருகிருந்தவர்கள் சிரித்தனர். சிரிப்பை நாம் அடக்கினோமேயன்றி, அதன் வேரைக் கிள்ளினோமில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று திருத்தியபோது ஒரு வாக்கியம் எதிர்ப்பட்டது. காய்ச்சலோடு மலையேறிய அம்மாயிக்கு அன்று அரைப்பேர்தான் கிடைத்தது என்று எழுதியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் நான்காண்டு தமிழ் கற்ற நாம், அரைப்பேர் என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்திலே "பொருளற்ற தொடர், தெளிவாக எழுதுக" என்று குறித்தோம். அதன்பின் அவள் ஒரு கிழமை பள்ளிக்கு வரவில்லை. வந்தபின்னும் கட்டுரைக் கொப்பியை நம்மிடம் நீட்டவில்லை. காரணத்தை நாமும் உசாவவில்லை.

சுற்றுலாவுக்குப் பணம் கட்ட இயலாதோர் ஐவர். அவர்களுள் அவளும் ஒருத்தி. ஆசிரியர் சிலர் கூடி அத்தொகையைப் பகிர்ந்துகொண்டோம். "நீயும் வா" என்று அழைத்தபோது அவள் கேட்டது ஒரே கேள்வி:

"பஸ் பசறைக்குள்ளாலயா சேர் போகும்?"

"ஆம்" என்றோம். "அப்ப வாறன்" என்றாள்.

அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம். வலையிறவுப் பாலத்தைக் கடக்கையில் வாவியிலே தோணிகளின் விளக்குகள் ஆங்காங்கே மினுங்கின. நகரத்தையும் ஏறாவூரையும் தாண்டிச் செங்கலடியில் மேற்கே திரும்பினோம். கரடியனாறு, புல்லுமலை எல்லாம் இருளிலே கழிந்தன. மகா ஓயா கடந்து, பதியத்தலாவையை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. பிபிலைக்கு அப்பால் தெரு வளைந்து வளைந்து மேலேறத் தொடங்கியதும், மலை காணாத பிள்ளைகள் சன்னலை விட்டு அகலவில்லை. ஒருத்திக்குத் தலைசுற்று, ஒருவனுக்கு வாந்தி, மற்றவர்களுக்குப் பாட்டு. லுணுகலையைத் தாண்டியபின் தேயிலை தோன்றிற்று. வயலின் பச்சையையே அறிந்த கண்களுக்கு, மலையின்மேல் சீவிவிட்டதுபோல் கிடந்த அந்தப் பச்சை புதிது. "எவ்வளவு வடிவு!" என்று எல்லாரும் கூவினர். அந்த மாணவி மட்டும் கூவவில்லை. அவள் பார்த்தது செடிகளை அன்று. செடிகளுக்கு நடுவே தகரக் கூரையிட்டு நீண்டு கிடந்த லயங்களை அவள் எண்ணிக்கொண்டு வந்தாள்.

பசறைக்கு அண்மையில் தேநீருக்காக வண்டி நின்றது. தெருவோரத்திலே கொழுந்துச் சாக்குகளுடன் பெண்கள் சிலர் தராசுக்குக் காத்திருந்தனர். பிள்ளைகள் படமெடுக்க ஓடினார்கள். அவள் படமெடுக்கவில்லை, நேரே ஒரு பெண்ணிடம் போய் நின்றாள்.

"எத்தன கிலோ எடுக்கணும் அக்கா?"

நம் காதை நாமே நம்பவில்லை. இரண்டாண்டாக வகுப்பில் "ஓம் சேர்", "இல்ல சேர்" என்பதற்கு மேற் பேசாதவள், எங்கள் ஊர்ப் பேச்சைக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு தமிழிற் பேசினாள். அது அவளுடைய தமிழ். வீட்டுக்குள் மட்டும் உயிரோடு வைத்திருந்த தமிழ்.

"பதினெட்டு எடுக்கணும்மா. மழ நாள்ல எங்க எடுக்குறது? கொறஞ்சா அரைப்பேருதான்."

அச்சொல் நம்மேல் வந்து விழுந்தது. அப்பெண்ணை அணுகி, பேர் என்றால் என்ன என்று கேட்டோம். நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதவரா பள்ளிக்கூடத்து வாத்தியார் என்ற வியப்பு அப்பார்வையில் இருந்தது, ஏளனம் இல்லை. "வேலைக்கு வந்தா செக்ரோல்ல பேர் போடுவாங்க, ஐயா. பேர் விழுந்தாத்தான் சம்பளம். சொன்ன கிலோ எடுக்கலேன்னா அரைப்பேர், அரச் சம்பளம்" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கினாள்.

ஒரு நாள் உழைப்புக்குப் பேர் என்று பெயர். நாள்முழுதும் மலையிலே நின்றும், நிறை குறைந்தால் மனிதரின் பெயரே பாதியாகிவிடும். இத்துணைக் கூர்மையான சொல்லை நாம் கற்ற உரைநூல்களிலே கண்டதில்லை. அதனைத்தான் பொருளற்றது என்று எழுதினோம்.

வண்டி மீண்டும் புறப்பட்டபோது அவள் அருகே சென்றமர்ந்து, அம்மாயியைப் பற்றிச் சொல்லும்படி கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மாயி பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவர். 1977 ஆகத்தில் வன்செயல் மூண்டபோது கையிற் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு, இதே பதுளை வீதியால் இறங்கி வந்தவர். புல்லுமலைப் பக்கத்திலே காடு வெட்டிக் குடியிருந்தார்கள். 1990இல் போர் அங்கிருந்தும் துரத்தவே, படுவான்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் தோட்டக்காட்டான் என்பது. அதைக் கொடுத்தவர்கள் வேற்று மொழியினர் அல்லர்; நாம்தாம்.

"அம்மாயி ஒரு தரமாவது வந்து பாக்கணும்ன்னு சொல்லும். முழங்கால் நோவு. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்னு சொன்னேன்" என்றாள்.

வரலாறு கற்பிக்கும் நண்பர் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சில செய்திகளைக் கூறினார். கோப்பிப் பயிரை 1869 முதல் நோய் தின்ற பின்னர் தேயிலை இம்மலைகளிற் பரவியதையும், தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட குடும்பங்களே காட்டை அழித்து அதனை நட்டதையும் சொன்னார். விடுதலை பெற்ற அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என வகுத்தனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்தன. கொழுந்தை நிறுப்பதுபோல் மனிதரை நிறுத்தார்கள். இங்கே எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! நாடே அரைப்பேர் போட்ட கதை இது. 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கையும் பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இலேதான் வர்த்தமானியில் ஏறிற்று.

பதுளை நகரத்தைக் கடந்து துன்ஹிந்தவை அடைந்தோம். தெருவிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் மலைச்சரிவிலே நடக்க வேண்டும். பதுளு ஓயா அங்கே அறுபத்துநான்கு மீற்றர் உயரத்திலிருந்து குதிக்கிறது. அடியிலே நீர்த்தூவி புகைபோல் எழுகிறது; அப்புகையாலேயே அப்பெயர் வந்தது என்பர். பிள்ளைகள் வாய்பிளந்து நின்றனர். நாமும் நின்றோம். அழகை அழகென்று சொல்லத் தயங்குவது முற்போக்கு ஆகாது. உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அருவியைக் காணும் உரிமை உண்டு. அது நெடுங்காலம் மறுக்கப்பட்ட உரிமை. இரைச்சலுக்கு மேலாக ஒருவரோடொருவர் கத்திப் பேசி, முகத்திலே தெறித்த நீரைத் துடைக்காமல் நின்ற அந்த அரைமணி நேரம் அவர்களுக்கு முழுமையாகச் சொந்தமானது.

திரும்பி நடக்கையிலே எரிமலைப் பையன் நம்மருகே வந்தான். "இஞ்ச எரிமலை இல்லாதது நல்லது சேர். இந்த மலை ஒருவரையும் ஒண்டும் செய்யாது" என்றான்.

அவனுக்கு மீரியபெத்தையைச் சொல்ல வேண்டியதாயிற்று. இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்கு அருகே, 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடியது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, குடியிருப்போரை அகற்றுக என 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளிலே இருந்தது. மனிதர் லயத்திலே இருந்தனர். வேறிடத்தில் வீடுகட்ட ஒரு துண்டு நிலம் அவர்களுக்குச் சொந்தமாக இருந்திருப்பின் அம்மண் அவர்கள்மேல் விழுந்திராது. தீயைக் கக்கும் மலைதான் மனிதரைக் கொல்லும் என்பதில்லை. பையன் மறுமொழி சொல்லவில்லை. வண்டி வரை மௌனமாக நடந்தான்.

பிற்பகலில் மகியங்கனைக்கு இறங்கினோம். சொரபொரக் குளம் நகருக்கு அண்மையில், பின்னே மலைகள் சூழக் கிடக்கிறது. பழங்கதை அதனைத் துட்டகைமுனு காலத்ததென்கிறது. நீர் வெளியேறும் வழி இயற்கைப் பாறையைக் குடைந்து அமைத்தது. உளியும் சுத்தியலும் கொண்டு அப்பாறையோடு போராடிய கைகள் எத்தனை! அவற்றுக்கு உரியோர் பெயர் எந்தச் செக்ரோலிலும் இல்லை.

அணைக்கட்டின் நிழலிலே சோற்றுப்பொதிகளைப் பிரித்தோம். மண்வெட்டியோடு வந்த சிங்கள விவசாயி ஒருவர் சற்றே நின்று, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சாரதி சிங்களம் அறிந்தவர், இருபக்கமும் மொழிபெயர்த்தார். மட்டக்களப்பிலும் வயல்தானா, நெல் என்ன விலை போகிறது என்று அவர் உசாவினார். பிறகு 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்தபோது தம் வயல் மஞ்சளித்துப் போனதைச் சொன்னார். "பொஹொர" என்ற சொல் வந்ததும் சாரதி வாய் திறக்குமுன் எங்கள் மாணவன் ஒருவன் "உரம்! உரம்!" என்றான். அவன் தந்தை செய்த வயலும் அவ்வாண்டு அப்படித்தான் ஆயிற்று. ஒரு மொழியிலே ஒரே ஒரு சொல்லை அறிந்தவன் அச்சொல்லால் ஒரு மனிதரை அறிந்துகொண்டான். அம்முதியவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மகா ஓயாவை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சிறு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. மிகச் சூடானதில் ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ். எரிமலைப் பையன் விரலை விட்டு, உதறி, "அப்ப கீழ எரிமலை இருக்குத்தானே!" என்று துள்ளினான். நாமும் ஆமென்று தலையசைக்க இருந்தோம். விஞ்ஞான ஆசிரியை தடுத்தார்.

அவர் கூறியது இது: எரிமலைகள் பெரும்பாலும் புவியோட்டுத் தகடுகள் முட்டும் ஓரங்களிலும் பிரியும் ஓரங்களிலும் எழுவன. இலங்கையோ தகடொன்றின் உட்பகுதியில், மிகப் பழைய பாறைகளின்மேல் இருக்கிறது. அப்பாறைத் தொகுதிகளுள் உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் அடங்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே மகா ஓயா உட்பட நம் நாட்டு வெந்நீரூற்றுகள் பல அமைந்துள்ளன. மழைநீர் வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே செல்லச் செல்ல, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இருபத்தைந்து, முப்பது பாகை என வெப்பம் ஏறும். அங்கே சூடேறிய நீர் வேறு வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. திருகோணமலைக் கன்னியாவிலே, தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் ஊன்றி ஏழு ஊற்றுகளைத் தோற்றுவித்தான் என்பது கதை. உண்மையான கதை அதனினும் நீண்டது, பொறுமையானது.

"அப்ப இது மழத் தண்ணிதானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த மாணவி.

"மழைத்தண்ணிதான். நெடுநாள் கீழே கிடந்து சூடானது" என்றார் ஆசிரியை.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. குனிந்து, இரு கைகளாலும் அந்நீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். பின்பு ஒரு வெற்றுப் போத்தலைத் தேடி நிரப்பிக்கொண்டாள். அம்மாயியின் முழங்காலுக்கு என்றாள்.

வவுணதீவுக்கு மீண்டபோது இரவு பத்தரை. பெற்றோர் சந்தியிலே காத்து நின்றனர்.

திங்கட்கிழமை முதற்பாடம் தமிழ். அந்தக் கட்டுரைக் கொப்பியைத் தரும்படி அவளிடம் கேட்டோம். நம் கையாலேயே சிவப்பு வட்டத்தை அடித்துவிட்டுத் திருத்தம் எழுத எண்ணியிருந்தோம். கொப்பியைத் தந்தாள். அந்தப் பக்கம் அதில் இல்லை, வேரோடு கிழிக்கப்பட்டிருந்தது. ஆசிரியரின் பிழையைத் திருத்தும் வசதிக்காக மாணவர் தம் காயத்தைப் பேணி வைத்திருப்பதில்லை.

ஆகவே கரும்பலகைக்குச் சென்றோம். வகுப்பறிய, அச்சொல்லைப் பிழையெனக் குறித்தது நாமே என்றும், பிழை நம்முடையதென்றும் சொன்னோம். "அம்மாயி — தாயின் தாய், மலையகத் தமிழ் வழக்கு" என்று முதலில் எழுதினோம். அதன்கீழே, "அரைப்பேர் — தோட்டத்தில் ஒரு நாளுக்குக் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்குப் பதியப்படும் அரைநாட் கூலி" என்று அகராதி முறையிலே எழுதினோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

பின்வரிசையிலே நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவள் எழுந்து நின்றாள்.

"சேர், காய்ச்சலோட நாள் முழுக்க மலையில நின்னாலும் அரைப்பேருதான். அதையும் எழுதுங்க" என்றாள்.

எழுதினோம்.